“புதிய இனம், சுண்ணக்கல் செடி” – மட்டக்களப்புக் கல்லடி மணலில் இலை மஞ்சளாகுது, ஓரம் கருகுது. மண்ணா, தண்ணீரா, பெயரே பிழையா?

#1 கல்லடி_மணல்

பூங்கன்றுக் கடையில் வாங்கின இரண்டு கன்று. அட்டையில் இருப்பது இவ்வளவுதான்: “சுண்ணக்கல் மலைச் செடி. புதிதாகக் கண்டுபிடித்த இனம். மிக அரிது.” தாவரப் பெயர் இல்லை.

உயரம் இரண்டு அடி. இலை எதிரெதிராக, தடிப்பாக, மினுக்கமாக இருக்கு. ஒரு பூதான் இதுவரை விரிஞ்சது. வெள்ளை, புனல் வடிவம், அடிமட்டத்தில் அளந்தால் 13 சென்ரிமீற்றர், வாயில் ஐந்து இதழ்மடல். பகலில் மணமில்லை, இருட்டினால் நல்ல வாசம்.

சாடி 12 அங்குலப் பிளாஸ்ரிக். வளவு மணல் பாதி, மாட்டெரு பாதி. கிணற்றுத் தண்ணீர், நாளுக்கு ஒரு தடவை.

சாடி 1: சுண்ணக்கல் செடி என்றபடியால் வெற்றிலைச் சுண்ணாம்பு இரண்டு மேசைக்கரண்டி ஒரு வாளி தண்ணீரில் கரைத்து, தெளிவை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஊற்றியது. இப்போது குருத்து இலை எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

சாடி 2: சுண்ணாம்பு ஊற்றவில்லை. கடற்கரை ஊரி (சிறு சங்கு, சிப்பி ஓடுகள்) மூன்று விரல் தடிப்புக்கு மேலே பரப்பியது. இதில் குருத்து நல்ல பச்சை; அடியிலைகளின் ஓரம் கபில நிறமாகிக் காய்ந்து உள்ளுக்கு வருது.

ஒரே நாளில் வாங்கின ஒரே செடி. ஏன் இந்த வித்தியாசம்?

#2 உன்னிச்சைக்குளம்

தம்பி, முதல் வேலை அந்தச் சுண்ணாம்புத் தண்ணியை நிப்பாட்டுங்க. மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

சுண்ணக்கல் வேற, சுண்ணாம்பு வேற. மலையில இருக்கிறது கல்சியம் காபனேற்று. அதைச் சூளையில சுட்டா நீறாத சுண்ணாம்பு, தண்ணி பட்டா நீறின சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு. நீங்க ஊத்தினது அது. அதின்ர தெளிந்த நீருக்கு பி.எச் (அமிலமா காரமா எண்டு காட்டுற அளவு, 7 நடுநிலை) 12.4 வரை போகும். சுண்ணக்கல் எவ்வளவு குவிச்சுப் போட்டாலும் காற்றுப் படுற இடத்தில பி.எச் 8.3 அளவோட நிண்டுடும். இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில வேர் மயிர் வெந்து போற அளவு தூரம் இருக்கு.

களிமண்ணா இருந்தா கொஞ்சம் தாங்கும். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடிப் பக்க மணலுக்கு அந்தத் தாங்கு சக்தியே இல்ல. ஒரு கரண்டி போட்டாலும் பி.எச் குபுக்கெண்டு ஏறிடும்.

நோய் ரெண்டும் வேற வேற. எந்த இலையில தொடங்குதெண்டு பாத்தாலே பாதி விடை வந்திடும். குருத்தில மஞ்சள், நரம்பு பச்சை எண்டா இரும்புக் குறைவு. இரும்பு மண்ணில இருக்கும், ஆனா பி.எச் ஏறினா கரையாது; செடியும் பழைய இலையில இருக்கிற இரும்பைப் புதிய இலைக்குக் கொண்டு போகாது. அதனாலதான் புதிசு முதல்ல வெளிறும். அடியிலை ஓரத்தில கருகல் எண்டா உப்பு. நீராவிப்போக்கோட உப்பு இலை நுனிக்கும் ஓரத்துக்கும் போய்ச் சேரும், கனநாள் இருக்கிற இலையில கூடச் சேரும். கடற்கரை ஊரி கழுவாமப் போட்டிருப்பீங்க.

சாடி 1 சுண்ணாம்பு, சாடி 2 உப்பு. செடியில பிழையில்ல.

#3 வந்தாறுமூலை

மண்ணுக்கு முன் பெயரைப் பார்ப்போம். நான்கு விடயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா? எதிரெதிரான இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவில், தண்டோடு ஒட்டினபடி முக்கோணச் செதில் ஒன்று இருக்கிறதா? 10 மடங்கு கைவில்லை போதும், அது இல்லாவிட்டால் தொலைபேசிக் கமராவைப் பெருப்பித்துப் பாருங்கள். மொட்டைக் குறுக்கே உருட்டினால் உருண்டையாக இருக்கிறதா, மூலை தட்டுப்படுகிறதா? புல்லிவட்டம் பூவுக்குக் கீழே சின்னப் பற்களாகவா, இலைபோல் நீளமாகவா?

#4 கல்லடி_மணல்

பால் இல்லை. செதில் இருக்கு, இரண்டு காம்புக்கும் நடுவில், காய்ந்த மீன் செதில் மாதிரி. மொட்டில் ஐந்து மூலை தெளிவாகத் தட்டுப்படுது, பூக்குழாயிலும் ஐந்து வரம்பு ஓடுது. புல்லி ஐந்து, இலைபோல் நீளம்.

#5 வந்தாறுமூலை

பால் இல்லையென்றால் நந்தியாவட்டைக் குடும்பம் கழிந்தது. காம்பிடைச் செதிலும் எதிரிலையும் சேர்ந்தால் ரூபியேசியே, அதாவது நம்முடைய வெட்சி, நோனா, கோப்பி எல்லாம் இருக்கிற குடும்பம். அதில் ஐந்து வரம்புள்ள நீளமான பூக்குழாய், இலைபோன்ற புல்லி, இரவு வாசம், தோல் போன்ற இலை: இது போர்ட்லாண்டியா கிராண்டிபுளோரா. ஜமேக்காவுக்கே உரிய செடி. அங்கே சுண்ணக்கல் பாறை வெடிப்புகளில் வளர்கிறது. ஆகவே அட்டையில் “சுண்ணக்கல் செடி” என்பது சரி. “புதிதாகக் கண்டுபிடித்த” என்பதுதான் சரியில்லை. இந்தப் பெயரைச் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வெளியிட்டது 1759 இல். மட்டக்களப்புக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம்.

“புதிய இனம்” என்பது கடைக்குப் புதிது என்ற பொருளில்லை. அதற்கு ஒழுங்கு இருக்கிறது. ஒரு தாவரப் பெயர் செல்லுபடியாக வேண்டுமென்றால் அது அச்சிலோ, வெளியீட்டு எண்ணுள்ள இணைய இதழிலோ வெளிவந்திருக்க வேண்டும். இணைய வெளியீடு ஏற்கப்பட்டது 2012 ஜனவரி 1 முதல். அதே நாளிலிருந்துதான் விபரிப்பு இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம் என்றானது. அதற்கு முன் 1935 முதல் இலத்தீன் கட்டாயம். 1958 முதல் ஒரே ஒரு மாதிரியை மூல மாதிரியாகக் குறிக்க வேண்டும். 1990 முதல் அது எந்த உலர்தாவரக் களஞ்சியத்தில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும்.

அதனால் விற்கிறவரிடம் கேட்க வேண்டியது மூன்று: முழுப் பெயர், பெயரிட்டவர், ஆண்டு. இது மூன்றும் இருந்தால் பன்னாட்டுத் தாவரப் பெயர்ச் சுட்டியில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பெயரே இல்லாத “புதிய இனம்” என்பது விலைச்சீட்டு.

#6 அக்கரைப்பற்று_நாற்றுமேடை

வந்தாறுமூலை சேர் சொல்றது சரி. ஆனா கடைக்காரர் பக்கமும் ஒண்டு சொல்லோணும். மொத்தமா எடுக்கிற இடத்தில வாற அட்டையைத்தான் நாங்களும் ஒட்டுறம். பெயரெழுதாத சாமானை எடுக்காம விடுறது ஒண்டுதான் எங்கட கையில இருக்கு.

உண்மையாவே புதிசா விபரிச்ச சுண்ணக்கல் செடி எண்டா நாற்றுமேடைக்கு வாறது ரெண்டு வழியில. ஒண்டு நல்ல வழி. மடகாஸ்கரில தாஹினா எண்ட பனை, சுண்ணக்கல் குன்றடியில கண்டு 2008 இல பெயர் வச்சது. நம்மட தாளிப்பனை மாதிரி ஒருக்காப் பூத்துக் காய்ச்சுச் செத்துப் போற சாதி. காட்டில நூறு மரம் கூட இல்ல. அதின்ர விதையை ஊர்ச் சனத்தோட உடன்பாடு செஞ்சு, முறையா வித்து, காசு ஊருக்குப் போற மாதிரி ஏற்பாடு பண்ணினாங்க. விதை பரவினதால காட்டு மரத்தில கை வைக்கிற தேவை குறைஞ்சது.

மத்தது கெட்ட வழி. வியட்நாம் சுண்ணக்கல் மலையில ஒரு செருப்பு ஓர்க்கிட், பபியோபெடிலம் வியட்நாமென்ஸ், 1999 இல பெயர் வந்துச்சு. சில வருசத்துக்குள்ள காட்டில இருந்ததை எல்லாம் புடுங்கி வித்துப் போட்டாங்க. இப்ப புது இனம் விபரிக்கிறவங்க சரியான இடத்தை எழுதாம மறைக்கிறது இதனாலதான்.

காட்டில புடுங்கின செடியைச் சாடியில வச்சே கண்டுபிடிக்கலாம். அடித்தண்டு தடிப்பா, முறுக்கா, பாசி படிஞ்சு, வேர் மொட்டையா வெட்டுப்பட்டு, இலை மட்டும் கொஞ்சம் புதிசா இருக்கும். விதையில வந்தது நேரா, சாடி வடிவத்துக்கு வேர் சுத்தி இருக்கும். உங்கட கன்றைப் படத்தில பாத்தா வெட்டுத்தண்டில வந்தது, கவலைப்பட ஒண்டுமில்ல.

வெளிநாட்டில இருந்து பையில வச்சுக் கொண்டு வாற யோசனை ஆருக்கும் இருந்தா விடுங்க. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேணும், ஏத்துற நாட்டின்ர தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேணும்.

#7 பாசிக்குடா_வெயில்

எல்லாம் சரி, ஆனா சுண்ணக்கல்லெண்டா ஜமேக்கா, மடகாஸ்கர், வியட்நாம் எண்டு மட்டும் பேசுறீங்களே, நம்மட பக்கம் இல்லாத மாதிரி. வாகரை, காயங்கேணி, பாசிக்குடா எல்லாம் கடலுக்குள்ள முருகைக்கல். முருகைக்கல்லும் கல்சியம் காபனேற்றுத்தானே. ரெண்டு துண்டு எடுத்து உடைச்சுச் சாடியில போட்டா முடிஞ்சுது.

#8 உன்னிச்சைக்குளம்

முடியாது, மச்சான். ரெண்டு காரணம்.

ஒண்டு சட்டம். 1981 கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல வந்த திருத்தத்தோட, கரையோர வலயத்தில முருகைக்கல் உடைக்கிறது, எடுக்கிறது, வச்சிருக்கிறது, சுடுறது எல்லாம் குற்றம். கரையோர வலயமெண்டா உயர்நீர்க் கோட்டில இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், தாழ்நீர்க் கோட்டில இருந்து கடல்பக்கம் ரெண்டு கிலோமீற்றர். ஒதுங்கின துண்டு எண்டு சொல்லித் தப்பவும் ஏலாது.

மத்தது உப்பு. முருகைக்கல் முழுக்க நுண்துளை, ஸ்பொஞ்ச் மாதிரி. மேலால கழுவினா உள்ளே இருக்கிற உப்புப் போகாது.

நிலத்தடிப் பாறையைக் கேட்டா: யாழ்ப்பாணம் தொடங்கி மன்னார், புத்தளம் வரை அடியில மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் ஓடுது. மட்டக்களப்பு, அம்பாறை அதுக்கு வெளிய. இங்க அடியில விஜயன் தொகுதிக் கருங்கல், அதாவது நைஸ். குடும்பிமலையில ஏறி ஒரு துண்டு கல்லில தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்க, ஒரு குமிழ் வராது. சுண்ணக்கல்லில விட்டாக் குமிழ் விட்டு நுரைக்கும். டொலமைட்டு (மக்னீசியமும் கலந்த சுண்ணக்கல் மாதிரிக் கல்) எண்டா அப்படியே விட்டா அவ்வளவா நுரைக்காது. தூளாக்கி விட்டா மெதுவா நுரைக்கும்.

#9 சம்மாந்துறை

நானா, அப்படியெண்டா இந்தச் செடிக்குச் சுண்ணாம்பே தேவையில்லையா? சுண்ணக்கல்லில வளருது எண்டா சுண்ணாம்பை விரும்புது எண்டுதானே அர்த்தம்?

#10 வந்தாறுமூலை

இந்தக் கேள்வியில்தான் முழு விடயமும் இருக்கிறது. சுண்ணக்கல்லில் வளர்வது ஒன்று, சுண்ணக்கல் கேட்பது இன்னொன்று.

ஒரு சுண்ணக்கல் குன்றின் வெடிப்பைக் குறுக்கே வெட்டினதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு சாண் கறுப்பு மக்கு: இலை உக்கியது, எறும்பு கொண்டுவந்தது, காற்றில் வந்த தூசி. மழை அதைத் திரும்பத் திரும்பக் கழுவுவதால் அந்த மக்கு நடுநிலையாகவோ, சில இடத்தில் இலேசான அமிலமாகவோ கூட இருக்கும். கீழே போகப் போகத்தான் பாறை, அங்கே பி.எச் 8. ஊட்ட வேர் பெரும்பாலும் மேல் மக்கில். நங்கூர வேர் வெடிப்புக்குள். மழை பெய்து சில நிமிடத்தில் தண்ணீர் முழுக்க இறங்கிப் போய்விடும். பொஸ்பரசு குறைவு, இரும்பு பூட்டிக் கிடக்கும், மண் தடிப்பில்லை. இந்த நிலையைப் பெரிய மரங்கள் தாங்காததால் மெதுவாக வளர்கிற செடிகளுக்கு அங்கே இடம் கிடைக்கிறது. பல சுண்ணக்கல் இனங்கள் அங்கே இருப்பது போட்டியில்லாததால்.

ஒவ்வொரு குன்றும் வயல் நடுவே நிற்கிற தீவு மாதிரி. அதனால்தான் ஒரு குன்றில் மட்டும் உள்ள இனங்கள் இவ்வளவு. மலேசியா பேராக்கில் காந்தான் குன்றின் பெயரையே கொண்ட வாத்திக்கா காந்தானென்சிஸ் மரம் ஓர் உதாரணம். அந்தக் குன்றில் சிமெந்துக்குக் கல்லுடைக்கிறார்கள். அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் செம்பட்டியலுக்குப் பரப்பை அளப்பது 2 கிலோமீற்றர் சதுரக் கட்டங்களால். ஒரே குன்றில் இருக்கிற செடிக்கு ஒரே கட்டம், 4 சதுர கிலோமீற்றர். “மிக அருகிய” வகைக்கு எல்லை 10 சதுர கிலோமீற்றர். ஆகவே ஒரு குன்று இனம் அந்த எல்லைக்குள் பிறந்த நாளிலேயே இருக்கிறது. இடம் சீரழிகிறது என்று காட்டிவிட்டால் அந்த வகையில் விழும்.

உங்கள் சாடியில் நீங்கள் நகல் எடுக்க வேண்டியது முதலில் வடிகால், பிறகு உப்பில்லாமை, பிறகு கொஞ்சம் காபனேற்று. இந்த வரிசை தலைகீழாகப் போனதுதான் சாடி 1.

#11 அக்கரைப்பற்று_நாற்றுமேடை

கலவை சொல்றன். 12 அங்குலச் சாடி ஏறக்குறைய 14 லீற்றர் பிடிக்கும். ஐஸ்கிறீம் பெட்டி ஒரு லீற்றர், அதால அளங்க.

கல்லுடைக்கிற இடத்துச் சின்னச் சல்லி (5 தொடக்கம் 10 மில்லிமீற்றர்) 6 பெட்டி. கழுவி, மாத்தூளை ஊத்திப் போடுங்க. அந்தத் தூள்தான் சாடியைச் சீமெந்து மாதிரி இறுக்கும். ஆத்து மணல், நொய் இல்லாத தடிச்ச மணல், 3 பெட்டி. கடற்கரை மணல் கூடவே கூடாது. நல்லா உக்கின இலைக்குப்பை 3 பெட்டி. உடைஞ்ச ஓட்டுத்துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு, 1 பெட்டி. சிப்பிக்குறுணி 1 பெட்டி.

சிப்பிக்குறுணி கோழித்தீன் கடையில முட்டைக்கோழிக்கு விக்கிறது. முருகைக்கல்லுக்குப் பதிலா அதுதான். அதையும் வாளியில போட்டு மூண்டு நாள் ஊற வைங்க, ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்தி.

மாட்டெரு வேணாம். பாதிக்குப் பாதி மாட்டெரு எண்டா அது கத்தரிக்குச் சரி. எருவிலயும் உப்பு இருக்கு, பொஸ்பரசு இருக்கு, ஆறு மாசத்தில உக்கித் தண்ணி தேங்குற சேறா மாறும்.

சாடி அடியில பெரிய கல் அடுக்குறதை நிப்பாட்டுங்க. எல்லாரும் செய்யிறது, எல்லாரும் பிழையாச் செய்யிறது. நுண்ணிய கலவையில இருக்கிற தண்ணி, தான் நிறைஞ்சு வழியும் வரை கீழ இருக்கிற பெரிய கல்லுக்குள்ள இறங்காது. கல்லுக்கு மேல சதுப்பா நிக்கும். அடியில கல் போட்டா அந்தச் சதுப்பு வேருக்குக் கிட்ட வருது, அவ்வளவுதான். ஓட்டைக்கு மேல நுளம்பு வலைத் துண்டு ஒண்டு போதும். ஓட்டை பெருவிரல் அளவில நாலாவது வேணும்.

சரியா வந்திருக்கா எண்டு பாக்கிறது: கலவையை முதல்ல நல்லா நனைச்சு விட்டு, பிறகு ஒரு லீற்றர் ஊத்துங்க. மேல நிண்ட தண்ணி ஒரு நிமிசத்துக்குள்ள மறையோணும். மறையாட்டி மணல் நொய், இல்லாட்டிச் சல்லி கழுவுப்படேல்ல.

#12 உன்னிச்சைக்குளம்

கலவை நல்லது. ஒரு திருத்தம் மட்டும்: தம்பியிட்ட ரெண்டு கன்று இருக்கு. ஒரு சாடிக்குச் சிப்பிக்குறுணி போடுங்க, மத்ததுக்கு அந்த ஒரு பெட்டிக்குப் பதிலா இன்னொரு பெட்டி ஓட்டுத்துண்டு போடுங்க. மிச்சம் எல்லாம் ஒண்டுபோல. ஒரு வருசத்தில செடியே சொல்லும், நாங்க இங்க அடிபடத் தேவையில்ல.

பி.எச் பாக்கிற விதம்: கலவையில நடுப்பகுதி மண் 20 கிராம், மழைத்தண்ணி 50 மில்லிலீற்றர், போத்தலில போட்டுக் குலுக்கி அரை மணி நேரம் விட்டு மேல் தெளிவில அளங்க. குறுணி போட்ட சாடி 7.5 தொடக்கம் 8 வந்தாப் போதும். 8.5 தாண்டினா எங்கயோ நீறின சுண்ணாம்போ சோடியமோ கலந்திருக்கு.

இனித் தண்ணி. கிணத்துத் தண்ணிக்கு ஈ.சி மீற்றர் (மின்கடத்தலை வச்சு உப்பை அளக்கிறது) வச்சுப் பாத்தீங்களா?

#13 கல்லடி_மணல்

இப்போதுதான் ஒருவரிடம் வாங்கி அளந்தேன். கிணறு 1,900 மைக்ரோசீமன். சாடி 2 இன் அடியால் வடிந்த தண்ணீர் 5,200. சாடி 1 இல் வடிந்தது 2,600, பி.எச் 9.1.

#14 உன்னிச்சைக்குளம்

விடை நீங்களே எழுதிட்டீங்க. நீர்ப்பாசனத்துக்கு 700 க்குக் கீழ எண்டா யோசனையில்ல, 3,000 தாண்டினாக் கடும் கட்டுப்பாடு. உங்கட 1,900 நடுவில. நிலத்தில நட்ட தென்னைக்கு அது பெரிய விசயமில்ல. சாடியில விசயம், ஏனெண்டா தண்ணி ஆவியாகுது, உப்பு நிக்குது. நாளுக்கு ஒருக்காக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துறது உப்பளம் கட்டுற வேலைதான். கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற மணல்மேட்டில நல்ல தண்ணி ஒரு மெல்லிசுப் படைதான். மோட்டர் போட்டு இறைக்க இறைக்க அடியில இருக்கிற உவர் மேல வரும். கச்சான் காத்துக் காலத்தில அந்த 1,900 இன்னும் ஏறும்.

மழைத்தண்ணி பிடிக்கிற கணக்குச் சுகம். ஒரு சதுர மீற்றர் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். 20 சதுர மீற்றர் கூரையில 10 மில்லிமீற்றர் பெய்தா 200 லீற்றர், ஒரு பரல் நிறைஞ்சுது. முதல் வாற 20 லீற்றரை விட்டுடுங்க. காக்கை எச்சமும் கடல் உப்புத் தூசியும் அதிலதான். மே தொடங்கி ஓகஸ்ட் வரை ஒண்டுவிட்ட ஒரு நாள் ஒரு லீற்றர் எண்டா ஒரு சாடிக்கு 60 லீற்றர். ரெண்டு சாடிக்கு ஒரு பரல் தாராளம். பரல் வாயை வலையால கட்டுங்க, இல்லாட்டிச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிப்பார்.

பரல் தட்டினா, கிணத்துத் தண்ணியை ஊத்தினாலும் ஊத்தும்போது நல்லா, அடியால கால்வாசி வடியிற அளவுக்கு ஊத்துங்க. தட்டுக்குள்ள சாடியை வைக்காதீங்க.

#15 பாசிக்குடா_வெயில்

சாடி 2 இல ஏறின உப்பை எப்படிக் கழுவுறது? மண்ணை மாத்தாம ஏலாதா?

#16 உன்னிச்சைக்குளம்

ஏலும். சாடிக் கொள்ளளவில மூணு மடங்கு நல்ல தண்ணி, அதாவது 40 லீற்றர், மெதுவா இறக்கோணும். மாரியில வானமே அதைச் செய்து தரும்: 30 சென்ரிமீற்றர் வாயுள்ள சாடியில 40 லீற்றர் விழ 570 மில்லிமீற்றர் மழை வேணும். வாடைக்காத்து மழை வழமையாப் பெய்தா அது சேந்திடும். ஆனா தம்பியின்ர சாடியில பாதி எரு, வடிகால் இல்ல. அதைக் கழுவினா வேர் அழுகும். ஊரியை வழிச்செடுத்துப் போட்டு, கலவையை மாத்துறதுதான் சரி.

மாத்தும்போது வேரைச் சுத்தமா உதறாதீங்க. வெளிச்சுத்தில மூண்டில ஒரு பங்கு மண்ணை விரலால தளர்த்தி எடுத்தாக் காணும். பிறகு பத்து நாள் நிழலில. அந்தப் பத்து நாளும் பசளை இல்லை.

#17 அக்கரைப்பற்று_நாற்றுமேடை

சாடி 1 க்கு இரும்பு குடுக்கிற முறை. கடையில “இரும்புக் கீலேற்று” (இரும்பைக் கரைஞ்சபடி பிடிச்சு வச்சிருக்கிற சேர்வை) எண்டு கேட்டா ஆளாளுக்கு ஒண்டைத் தருவாங்க. பக்கெற்றில ஈ.டி.ரி.ஏ எண்டிருந்தா அது பி.எச் 6.5 வரைதான் நிக்கும், உங்கட மண்ணில போட்டாக் காசு தண்ணியில. டி.ரி.பி.ஏ 7 சொச்சம் வரை. ஈ.டி.டி.எச்.ஏ எண்டது 9 வரை தாங்கும். கரைச்சாக் கடுஞ்சிவப்பாத் தெரியும், அதுதான் அடையாளம். ஒரு லீற்றருக்கு ஒரு கிராம், பின்னேரம், நனைஞ்ச மண்ணில வேருக்கு ஊத்துங்க. வெயில் பட்டாக் கெட்டுப் போகும், மேல கொஞ்சம் மண் கிளறி மூடிவிடுங்க. கையில, சீலையில பட்டாச் சிவப்புப் போகாது.

அது கிடைக்காட்டி பெரஸ் சல்பேற்று ஒரு லீற்றருக்கு 5 கிராம், ஒரு கிராம் சித்திரிக்கமிலம் சேத்து, இலைக்குத் தெளிக்கலாம். கரைச்ச உடன தெளியுங்க. வச்சுட்டா மஞ்சளாகிப் பிரயோசனம் இல்லாமப் போகும். முதல்ல ஒரு இலையில தெளிச்சு ரெண்டு நாள் பாருங்க, புள்ளி எரிஞ்சா அளவைப் பாதியாக்குங்க.

ஒண்டு தெரிஞ்சுகொள்ளுங்க: மஞ்சளான பழைய இலை முழுக்கத் திரும்பிப் பச்சையாகும் எண்டு காத்திருக்க வேணாம். அடுத்து வாற குருத்தைப் பாருங்க, அதுதான் பெறுபேறு.

#18 சம்மாந்துறை

வெட்டுத்தண்டு வைக்க ஏலுமா? எப்ப?

#19 அக்கரைப்பற்று_நாற்றுமேடை

ஏலும், ஆனா இது செவ்வரத்தை இல்ல, ரெண்டு மூணு மாசம் பொறுமை வேணும். மாரி ஓய்ஞ்சு தை கடைசியில இருந்து பங்குனிக்குள்ள. கச்சான் எழும்பினாப் பிறகு வைக்காதீங்க, அந்தக் காத்து ஒரு பின்னேரத்தில இலையைச் சுருட்டிப் போடும்.

பச்சையும் இல்லாம முத்தலும் இல்லாத கொப்பு, வளைச்சா வளைஞ்சு பிறகு முறியிற பருவம். நாலு அங்குலம், ரெண்டு கணு. கீழ்க் கணுவுக்குக் கீழ வெட்டு. மேல் ரெண்டு இலையைப் பாதியா வெட்டுங்க. வேர் ஓமோன் தூள் 3,000 பி.பி.எம் (0.3 சதவீதம்) அளவில. தும்புத்தூளும் தடிச்ச மணலும் பாதிக்குப் பாதி, சிப்பிக்குறுணி இதில வேணவே வேணாம். தும்புத்தூளை மூணு தரம் கழுவிப் பிழியுங்க. வாவித் தண்ணியில ஊறின மட்டையில வந்த தூளெண்டா உப்பு அதிலயே இருக்கும். அஞ்சு லீற்றர்த் தண்ணிப் போத்தலின்ர அடியை வெட்டிக் கவிழ்த்து மூடுங்க, மூடி திறந்திருக்கட்டும்.

அடியில கறுத்து மேல ஏறினா ஈரம் கூட. இலை விழுந்தும் தண்டு பச்சையா நிண்டா இன்னும் உயிர் இருக்கு, இழுத்துப் பாக்காதீங்க. இழுத்துப் பாத்தே சாகிற தண்டுதான் கூட.

#20 பாசிக்குடா_வெயில்

ஜமேக்காச் செடியை விடுங்க. நம்மட நாட்டுச் சுண்ணக்கல் கரைச் செடி ஒண்டு சொல்லுங்களேன்.

#21 வந்தாறுமூலை

பெம்பிஸ் அசிடுலா. மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் அலையடிக்கிற சுண்ணக்கல், முருகைக்கல் கரைகளில் நிற்கும் புதர். சின்னத் தடித்த இலை, வெள்ளைப் பூ, கசங்கின கடதாசி போல ஆறு இதழ். போன்சாய் வளர்ப்பவர்கள் விலை கொடுத்துத் தேடுவதால் பல நாடுகளில் கரையிலிருந்து பிடுங்குப்படுகிறது. விதையிலிருந்து மட்டும் தொடங்குங்கள்.

இதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு விதமான செடி: ஒன்றில் சூல்தண்டு நீளம், மகரந்தத்தாள் கட்டை, மற்றதில் எதிர்மாறு. பூவைக் கிழித்து வில்லையால் பார்த்தால் தெரியும். நீளமும் கட்டையும் கலந்து மகரந்தம் போனால்தான் நன்றாகக் காய்க்கும். ஒரு செடியில் எடுத்த பத்து வெட்டுத்தண்டும் ஒரே விதம்தான். பத்தும் பூக்கும், விதை மிகக் குறைவாகத்தான் வரும். அரிய செடியைப் “பெருக்கிவிட்டோம்” என்று நினைத்து ஏமாறுவது இப்படித்தான்.

#22 சம்மாந்துறை

சேர், பாறை வெடிப்பில பெயர் தெரியாத புதர் ஒண்டு கண்டா, புதிசா இல்லையா எண்டு பாக்க என்ன செய்யோணும்? புடுங்காம.

#23 வந்தாறுமூலை

படம் முதலில்: முழுச் செடி, தண்டில் இலை பொருந்தும் இடம், பூ முன்னாலும் பக்கவாட்டிலும், காய், அடிமட்டத்தோடு. தேசிக்காய்ப் புளிச் சோதனை செய்து பாறை வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒதுக்குக் காடென்றால் அங்கேயே நிறுத்துங்கள். மாதிரி எடுக்க வனத் திணைக்களமோ வனசீவராசிகள் திணைக்களமோ எழுத்தில் அனுமதி தர வேண்டும்.

அனுமதியோடு எடுத்தால் பூவும் காயும் உள்ள ஒரு கொப்பு போதும். பத்திரிகைத் தாளில் ஒரு இலையாவது அடிப்புறம் தெரிய விரித்து அழுத்துங்கள். மாரியில் தாளை நாளுக்கு ஒரு தடவை மாற்றாவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சணம். 60 வாட் மின்குமிழ் வைத்த பெட்டி, 45 பாகை தாண்டாத சூடு, நன்றாகக் காயும். ஒரு பூவை 70 சதவீத அற்ககோலில் போட்டுவையுங்கள். அழுத்தின பூவில் குழாயின் வடிவம் தெரியாது. இலைத் துண்டு ஒன்றைப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில், மரபணு வேலைக்கு. பூ நிறம், மணம், உயரம் அந்த இடத்திலேயே எழுதுங்கள், காய்ந்தால் எல்லாம் கபிலம்தான். பிறகு பேராதனைத் தேசிய உலர்தாவரக் களஞ்சியத்தில் ஒப்பிட வேண்டும். கிழக்கில் கருங்கல் குன்றுகள் இருப்பதால் இங்கே கிடைப்பது சுண்ணக்கல் செடியாக இருக்காது. ஆனால் தனித்தீவுக் கணக்கு நைஸ் குன்றுக்கும் பொருந்தும், பாருங்கள்.

#24 கல்லடி_மணல்

இரண்டு சாடியும் மாற்றியாச்சு. குறுணி போட்டது பி.எச் 7.8, போடாதது 6.9. சாடி 1 இன் வேரில் மூன்றில் ஒரு பங்கு கறுத்திருந்தது, கறுத்ததை வெட்டிவிட்டேன். அதைக் குறுணி இல்லாத கலவையில் வைத்தது சரியா?

#25 உன்னிச்சைக்குளம்

சரி. நோயாளிக்கு முதல்ல அதுதான். ஆனா இனி ரெண்டையும் ஒப்பிடும்போது ஒண்டு வேர் குறைஞ்ச செடி எண்டதை மறக்காம அட்டையில எழுதி வைங்க. மேல மூண்டில ஒரு பங்கு இலையையும் குறைச்சிடுங்க, மிச்ச வேருக்கு இவ்வளவு இலைக்குத் தண்ணி குடுக்க ஏலாது. அட்டையில பழைய வசனத்தை வெட்டிப் போட்டு: போர்ட்லாண்டியா கிராண்டிபுளோரா, லின்னேயஸ், 1759. பென்சிலால எழுதுங்க, பேனை ரெண்டு மழையில போயிடும்.